டிஸ்ட்ரிபியூட்டர் லீக்குக்கு விட்டான் ஓ-ரிங்: வாங்கலாமா?

வாங்கலாம். விட்டான் (Viton) என்பது சூடு தாங்கும் ஒரு வகை ரப்பர், ஓ-ரிங் என்பது கசிவை அடைக்கும் வட்ட வளையம். போர்ஷே 911 காரெரா 3.2 வைத்திருக்கிறீர்கள், சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், சில யூரோ சமாச்சாரம். ஆனால் லீக் அங்கிருந்துதான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இது காற்றால் குளிரும் எஞ்சின், ஒரு மூலையில் கசிகிற ஆயிலை ஃபேன் காற்று எல்லாப் பக்கமும் அடித்துவிடும், டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாப் பாகமும் குற்றவாளி மாதிரிதான் தெரியும். ஆயில் தெர்மோஸ்டாட், பிரெஷர் சென்சார், பிரீதர் மூடி மூன்றும் கசிவுக்குப் பேர்போன இடங்கள். நான் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவி, ஆயிலில் யூவி சாயம் (யூவி விளக்கில் ஒளிரும் சாயம்) கலந்து ஓட்டிய பிறகுதான் லீக் அங்கிருந்துதான் என்று நம்பினேன்.

ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் லேசாக ஈரமாக இருந்தால் குறித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், சொட்டினால் தேறியதற்கான ஸ்டிக்கர் கிடையாது. அதைவிட, ஹீட்டர் போட்டால் உள்ளே வருகிற தீய்ந்த ஆயில் வாடைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய ரிங்கைக் கழற்றியபோது அது ரப்பர் என்றே சொல்ல முடியாத நிலையில், கல்லாக இறுகி, உருண்டை போய்த் தட்டையாக இருந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வருடக்கணக்காக இருந்தால் இப்படித்தான் ஆகும். விட்டான் சுமார் 200 டிகிரி வரை தாங்கும், இந்த இடத்துக்கு அதுதான் சரி. வந்த ரிங் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, உள்ளே தள்ளும்போது லேசான இறுக்கம் கைக்குத் தெரிந்தது. எஞ்சின் ஆயில் கொஞ்சம் தடவினால் போதும், சிலிக்கான் பேஸ்ட் எல்லாம் பூசாதீர்கள்.

வேலை கஷ்டமில்லை, ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கிராங்க் ஷாஃப்ட் புல்லியைக் கடிகாரச் சுற்றில் திருப்பி, முதல் சிலிண்டரின் உச்ச நிலையைக் காட்டும் இசட்1 குறியை நேருக்குக் கொண்டுவாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை (கேப்) கழற்றினால் உள்ளே சுழலும் ரோட்டரின் முனை, டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள வெட்டை நோக்கி நிற்க வேண்டும். ரோட்டர் எதிர்ப்பக்கம் நோக்கி நின்றால் நீங்கள் நிற்பது 4-ஆவது சிலிண்டரில், இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டை எடுத்துவிட்டு கையாலேயே அசைத்து அசைத்து இழுங்கள், ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் அலுமினியம் தாங்காது. பல்சக்கரம் சாய்வாக வெட்டியது, அதனால் வெளியே வரும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். எங்கே போய் நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்பப் போடும்போது அங்கிருந்தே தொடங்கலாம். இடையில் அந்த ஓட்டையைத் துணியால் மூடி வையுங்கள், தூசி விழுந்தால் நேராக எஞ்சினுக்குள்தான் போகும். 3.2-இல் மோட்ரானிக் என்ற எஞ்சின் கம்ப்யூட்டரே டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் பொறியைப் பங்கு போடுவதோடு சரி. இதற்கு முந்தைய எஸ்.சி. மாடல் வைத்திருப்பவர்கள் மட்டும் கடைசியில் டைமிங் லைட் பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, கேப்புக்கு உள்ளேயே ஆயில் இருந்தால் இந்த ரிங் உதவாது. அது ஷாஃப்ட் வழியாக ஏறி வருவது, டிஸ்ட்ரிபியூட்டரையே பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை.

ஒரு கோடை முழுக்க ஓட்டியாயிற்று, மலைப்பாதை, ஆட்டோபான் எல்லாம் பார்த்தாயிற்று, அந்த இடம் காய்ந்தே இருக்கிறது. செயின் கவர் பக்கம் இன்னும் ஈரம்தான், அது வேறு கதை.

குறை சொல்ல வேண்டுமென்றால் விற்ற கடையைத்தான் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் அளவும் இல்லை, ரப்பரின் கடினமும் இல்லை, ஒரு பாக நம்பர் மட்டும். தபால் செலவோ ரிங் விலையைவிட அதிகம், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதனால் ஆர்டர் போடும்போது இரண்டாகப் போடுங்கள், வால்வு கவர் கேஸ்கெட்டும் தேவைப்பட்டால் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.