திலாப்பியா முட்டைக்குப் பெராக்சைடு: மருந்து சரி, மூடிதான் வினை

மீன் முட்டையில் பூஞ்சை கட்டாமல் இருக்க நான் ஊற்றுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குளம் போட்டிருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, பெராக்சைடு விலை இறங்கியிருக்கே, ஒரு தோங் (பீப்பாய்) எடுக்கட்டுமா?" எடுங்கள். எடுக்குமுன் மூடியைப் பாருங்கள்.

35% பெராக்சைடு வைத்த இடத்தில் சும்மா இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ஆக்சிஜனைக் கக்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேற மூடியில் துளை வேண்டும். எனக்கு வருகிற தோங்கில் சிலவற்றுக்கு அது இருப்பதே இல்லை. நம் செம்பனைக்காட்டுத் தகரக் கொட்டகையில், மத்தியான வெயிலுக்குத் தோங் பலாப்பழம்போல உப்பி நிற்கும். கையுறை போடாமல் திறந்தால் தோல் வெளுத்து எரியும். கடைக்காரரிடம் சொன்னால், "எல்லாம் அப்படித்தான் வருது" என்கிறார். தயாரித்த தேதியும் கிடையாது!

தேதி இல்லாததுதான் பெரிய வயிற்றெரிச்சல். திலாப்பியா போன்ற வெப்பநீர் மீன் முட்டைக்கு லிட்டருக்கு 750 முதல் 1000 மில்லிகிராம், 15 நிமிடம், ஓடும் நீரில், நாளுக்கு ஒரு முறை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) 2007-இல் அனுமதித்த அளவு இது. 750 என்று வைத்தால் 100 லிட்டர் தண்ணீருக்கு 35% பெராக்சைடு ஏறக்குறைய 190 மில்லி. தோங்கில் உள்ளது உண்மையிலேயே 35% ஆக இருந்தால்தான் இந்தக் கணக்கு. சூட்டில் கிடந்து வீரியம் போயிருந்தால் முட்டையை வெறுமனே அலசுகிறோம், அவ்வளவுதான். சாப்ரோலெக்னியா என்று நாம் சொல்லும் நீர்ப்பூஞ்சை முதலில் வெளுத்துச் செத்த முட்டையில் பஞ்சு கட்டும். பிறகு பக்கத்து உயிர்முட்டையையும் சுற்றிவிடும். (அது அசல் பூஞ்சையே இல்லையாம், பாசிகளுக்குத்தான் கிட்டத்து உறவாம். முட்டைக்கு அதனால் என்ன ஆறுதல்?)

ஆனாலும் பழைய பச்சை மருந்துக்குத் திரும்பச் சொன்னால் மாட்டேன். மாலகைட் பச்சை மீன் சதையில் தங்கும். சாப்பாட்டு மீனுக்கு அதைத் தடை செய்திருக்கிறார்கள். மெத்திலீன் நீலம் பட்டால் கை, வாளி, சட்டை எல்லாம் நீலம். பெராக்சைடு தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போய்விடும், கறை கிடையாது. செத்த முட்டையைத் தினமும் பொறுக்கி, பொரிக்க வைத்த ஜாடியில் முட்டை உருளும்படி தண்ணீர் ஓட்டம் வைத்து, இதையும் ஊற்றி வந்தால் பஞ்சு கட்டிய ஜாடியைக் காண்பதே அபூர்வம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் உப்பே போதும் என்கிறார்கள். எனக்குப் போதவில்லை.

வாளியில் மிஞ்சியதைத் தோங்கில் திருப்பி ஊற்றாதீர்கள். கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலும் மொத்தமும் சீக்கிரம் கெடும்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நேற்றுதான் இன்னொரு தோங் உப்பியது. வேறு மனநிலையில் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். அடுத்த மாதம் தீர்ந்ததும் மறுபடி இதையேதான் வாங்குவேன், வேறு கடையில்.