காலி ஊறுகாய் பாட்டிலும் எங்கள் மகளிர் மன்றமும்: எட்டு ஆண்டு அனுபவம்

கும்பகோணத்தில் எங்கள் பகுதி மகளிர் மன்றத்தில் 2017 ஆடி மாதம் சேர்ந்தேன். சேர வேண்டும் என்று திட்டமிட்டுச் சேரவில்லை. பதினெட்டாம் பெருக்கு அன்று மன்றத்துப் பெண்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். புளியோதரை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும்போது என் கையில் 500 ரூபாய்க்குச் சந்தா ரசீது இருந்தது.

இன்று ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். உறுப்பினர்கள் அறுபதுக்குச் சற்று மேல். மாதாந்திரக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் முப்பது, மிஞ்சினால் முப்பத்தைந்து. இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடுவோம். சிறப்பு விருந்தினர் பேச்சு, சிற்றுண்டி, காபி, பிறகு தம்போலா; கூப்பிடுகிற எண்களைச் சீட்டில் அடித்துக்கொண்டே போகிற விளையாட்டு, முழுச் சீட்டும் அடித்தால் 'ஃபுல் ஹவுஸ்'. இவை தவிர நவராத்திரி, பொங்கல், ஆண்டுக்கு ஒரு சுற்றுலா. "கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?" என்று அண்மையில் இரண்டு பேர் காய்கறிக் கடை வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். கையில் பையோடு நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

குறையிலிருந்தே தொடங்குகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் எனக்குப் பெரும்பாலும் எரிச்சல்தான். ஒரு கூட்டத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தே வைத்தேன். 4 மணிக் கூட்டம் 4.25க்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, பொன்னாடையைப் படம் எடுக்கவில்லை என்று மறுபடியும் பொன்னாடை. விருந்தினர் ஒலிபெருக்கியைத் தொட்டபோது மணி 5.10. ஐந்தரைக்குக் கீழேயிருந்து பஜ்ஜி வாசனை வந்துவிட்டது. அதற்குப் பிறகு மேடையில் யார் பேசினால் என்ன? "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்கள். ஒருவருக்கும் இல்லை. நன்றியுரை மட்டும் ஏழு நிமிடம்.

அதைவிட மோசமான கூட்டம் ஒன்றும் உண்டு. "மூட்டு வலியும் உணவும்" என்று தலைப்புப் போட்டு ஒருவர் வந்தார். அரை மணி நேரம் மூட்டைப் பற்றி, அடுத்த அரை மணி நேரம் ஒரு சத்துமாவு டப்பாவைப் பற்றி. விலை 3,400 ரூபாய். நம் வீட்டுக் கூட்டம், நம் மன்றம் அழைத்துவந்த ஆள் என்ற நம்பிக்கையில் பதினோரு பேர் வாங்கினோம். ஆம், வாங்கினோம்தான். என் டப்பா பரண் மேல் இருக்கிறது. மூட்டும் அப்படியே இருக்கிறது. விற்கிறவரைப் பேச அழைப்பதில்லை என்று அதற்குப் பிறகு தீர்மானம் போட்டார்கள். இன்றுவரை அதை மீறவில்லை.

மாற்றம் வந்தது 2022இல். கொரோனாவால் நின்றுபோன கூட்டங்கள் மீண்டும் தொடங்கியிருந்தன. அரசு மருத்துவமனையிலிருந்து மகப்பேறு மருத்துவர் ஒருவர் வருவதாக இருந்தது. அவர் முன்கூட்டியே தொலைபேசியில் செயலாளரிடம் சொல்லிவிட்டார்: எழுந்து நின்று கேட்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். செயலாளர் வீட்டிலிருந்து ஒரு காலி ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்துவந்தார். எலுமிச்சை ஊறுகாய். எவ்வளவு கழுவியும் மூடியில் வாசனை போகவில்லை. உள்ளே நுழையும்போதே ஆளுக்கு ஒரு சீட்டும், சுற்றில் நான்கைந்து பேனாவும் கொடுத்தார்கள்.

மருத்துவர் பாட்டிலைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரித்து, படித்துப் படித்துக் குவியலாக அடுக்கினார். பிறகு, "இருபத்தாறு சீட்டு வந்திருக்கிறது. அதில் ஒன்பது சீட்டில் ஒரே கேள்வி" என்றார். தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறதே, என்ன செய்வது? மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த சங்கதி; ஒன்பது பேருக்கு இருந்திருக்கிறது. எழுதாமல் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்தால் பத்து.

அவர் சுற்றி வளைக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிலக்கு நின்ற பிறகும் இடுப்புத் தளத்துத் தசைகள் தளர்வதைச் சொன்னார். சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை மட்டும் இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகக் கூடாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "இப்போதே செய்யுங்கள். யாருக்கும் தெரியாது" என்றார். முப்பது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல், மோட்டுவளையைப் பார்த்தபடி, முகத்தில் பக்தியோடு உட்கார்ந்திருந்தோம். தட்டோடு உள்ளே வந்த சமையல்காரர் தியானம் நடக்கிறது என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றியும் அன்றே பேசினார். அடுத்த வாரம் நாங்கள் ஐந்து பேர் ஒரே ஆட்டோவில் போய்ப் பரிசோதனை செய்துகொண்டோம். தனியாகப் போவதென்றால் நான் இன்னும் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டிருப்பேன்.

அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் அந்தப் பாட்டில் உண்டு. பொன்னாடையைக் குறைத்து, பேச்சை முப்பது நிமிடமாக்கி, சீட்டுகளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்கள். பேச்சாளரின் பட்டத்தையும் பதவியையும் வைத்துக் கூட்டத்தை எடைபோடுவதை நான் அதோடு விட்டுவிட்டேன்.

உதாரணத்துக்கு வழக்கறிஞர் வந்த கூட்டம். பெண்களுக்குச் சொத்துரிமை என்று ஒரு மணி நேரம் பேசியிருந்தால் கொட்டாவி விட்டிருப்போம். பாட்டிலில் வந்த சீட்டு இப்படி இருந்தது: "எனக்குக் கல்யாணம் 1984இல். பூர்விகச் சொத்தில் பங்கு கிடையாது என்று அண்ணன் சொல்கிறார். உண்மையா?" அவர் கரும்பலகையில் தேதிகளை எழுதினார். தமிழ்நாட்டில் 1989இலேயே மகள்களுக்குச் சமபங்கு வந்துவிட்டது, ஆனால் 25.3.1989க்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. அண்ணன்மார்கள் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பழைய கணக்கு. 9.9.2005இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 20.12.2004க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. அப்பா தாமே சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம்.

சீட்டு எழுதியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று காபி குடிக்கும்போது நாலைந்து பேர் கரும்பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி, "இது எங்களுக்குப் பொருந்துமா?" என்று எழுந்தே கேட்டார். பொருந்தாது, உங்களுக்குத் தனிச்சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் என்றார் வழக்கறிஞர். அதற்காகவே இன்னொரு மாதம் வந்து பேசிவிட்டும் போனார். அழைத்த இடத்துக்கு மறுபடி தாமாகவே வருகிற பேச்சாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இணைய மோசடி பற்றிப் பேசிய பெண் காவல் உதவி ஆய்வாளர் எங்கள் மனத்தில் பதிய வைத்தது இரண்டே விஷயம். வீடியோ அழைப்பில் கைது செய்கிற வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் அழுவதற்கு முன் 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஆறு வாரம் கழித்து, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டிய ஒருவனிடம், "தம்பி, எனக்கு அடுப்பில் பால் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எங்கள் உறுப்பினர் ஒருவர் போனை வைத்தார். அந்தக் கதையை அவர் இதுவரை நான்கு கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் பால் கொஞ்சம் அதிகமாகப் பொங்குகிறது.

சுவாமிமலையிலிருந்து வந்த, சிலை வார்க்கும் ஸ்தபதி மேடையே ஏறவில்லை. கீழே பாய் விரித்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மெழுகுக் கையை எடுத்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த உரு, அபய முத்திரை. தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து முகத்தின் அளவு, கழுத்தின் அளவு என்று பிரிப்பதைக் காட்டினார். மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும்; அது விட்டுப்போன இடத்தில்தான் உலோகம் இறங்குகிறது. மண்ணை உடைத்தால்தான் சிலை. அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அந்த மெழுகு விரல்கள் கைக்குக் கை மாறியபோது யாரும் பேசவில்லை. அன்று பஜ்ஜி ஆறிப்போனது.

இனிக் கூடிக்களிக்கிற பகுதி. தம்போலா எனக்குப் பிடிக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் எங்களோடு இருக்கிறார். "1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்கள் வாக்குரிமை கேட்டார்கள். நாம் ஃபுல் ஹவுஸ் கேட்கிறோம்" என்பார். சொல்லிவிட்டு, 20 ரூபாய் கொடுத்து இரண்டு சீட்டு வாங்குவார். தாராசுரத்துக்குச் சுற்றுலா போனபோது அவர்தான் வழிகாட்டி. ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற, உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோயிலுக்குள் எங்களில் மூன்று பேர் அதுவரை கால் வைத்ததே இல்லை. நாயன்மார் கதைகளைச் செதுக்கிய சாண் உயரச் சிற்பங்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்ட, பாதியில் மூட்டு வலிக்காரர்கள் கல்லில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள்.

நவராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. முன்பெல்லாம் கொலுக் கூட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத்துணி எல்லாம் வைத்த தாம்பூலப் பை சுமங்கலிகளுக்கு. மற்றவர்களுக்குச் சுண்டல் பொட்டலம். அந்தத் தாம்பூலப் பையை ஆண்டுதோறும் நானும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒன்றும் உறுத்தாமல். 2022 ஆவணியில் பாட்டிலில் ஒரு சீட்டு கிடந்தது. "நவராத்திரிக்கு நான் வரலாமா?" அவ்வளவுதான். தலைவி வாய்விட்டுப் படித்துவிட்டு நிமிரவில்லை. அழகான, சாய்ந்த கையெழுத்து. மன்றத்தின் வரவு செலவு நோட்டை மூன்று ஆண்டுகள் எழுதிய கையெழுத்து. அவர் கணவர் இறந்தது 2019இல். அந்தத் திசைப் பக்கம் யாரும் தலையைத் திருப்பவில்லை.

எல்லோருக்கும் ஒரே பை என்று அன்றே முடிவாயிற்று. சண்டை இல்லாமல் அல்ல. மூத்த உறுப்பினர் ஒருவர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் இன்றும் முணுமுணுக்கிறார், ஆனால் வருகிறார். அந்த ஆண்டு கொலுவில் பைகளை வாசலில் நின்று கொடுத்தவர் அந்தக் கையெழுத்துக்காரர்தான். எனக்குக் கொடுக்கும்போது, "ரவிக்கைத்துணி பச்சையா, ஊதாவா?" என்று மட்டும் கேட்டார்.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. நாற்பது வயதுக்குக் கீழே ஆறு பேர்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 4 மணிக் கூட்டம் எதற்கு உதவும்? நேரத்தை மாற்றுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். மாடிப்படி ஏற முடியாமல் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கி இன்னும் கூவுகிறது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் ஓயவில்லை. புதிதாகச் சேர நினைப்பவர்கள் சந்தா கட்டும் முன் இரண்டு கூட்டம் விருந்தாளியாக வந்து பார்க்கலாம். தம்போலா நாளில் ஒன்று, பேச்சாளர் நாளில் ஒன்று. சிற்றுண்டிக்கு மட்டும் 50 ரூபாய் வாங்குவார்கள்.

நான் இந்த ஆண்டும் கட்டிவிட்டேன். போன மாதம் பாட்டிலில் நான் போட்ட சீட்டு: "இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் மின் கட்டணம் ஏன் இப்படித் துள்ளுகிறது? மின்வாரியத்திலிருந்து யாரையாவது அழையுங்கள்." செயலாளர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பக்கத்தில், பொன்னாடை வேண்டுமா என்று ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்.