ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு பை-ஸ்பை டம்ப்

பைதானில் ஜாங்கோவோ ஃபிளாஸ்கோ வைத்து வெப் அப்ளிகேஷன் ஓட்டுகிறவர்கள் சர்வரில் கட்டாயம் போட்டு வைக்க வேண்டிய கருவி எது என்று கேட்டால், யோசிக்காமல் பை-ஸ்பை என்பேன். பென் ஃபிரெடெரிக்சன் ரஸ்ட் மொழியில் எழுதியது, இலவசம், பைதானின் இன்ஸ்டால் கருவியான பிப்பில் ஒரே வரியில் இன்ஸ்டால் ஆகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பைதான் புராசஸ் இந்த நொடியில் எந்த ஃபைலில் எந்த வரியில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே படித்துச் சொல்லும், அதற்குத்தான் டம்ப் என்று பெயர். நம் கோடில் எதையும் சேர்க்க வேண்டாம், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். நிறுத்த வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் மாட்டிக்கொண்டது சரக்கு புக்கிங் எடுக்கும் ஒரு ஜாங்கோ அப்ளிகேஷனில். நான்கு கோர் சர்வர், அப்ளிகேஷனை ஓட்டும் ஜியூனிகார்னில் நான்கு வொர்க்கர், அதாவது வரும் வேண்டுகோள்களைக் கவனிக்கும் நான்கு புராசஸ். ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது என்று போன் மேல் போன். வழக்கம்போல முதலில் டேட்டாபேஸைத்தான் சந்தேகப்பட்டோம், ஆனால் மெதுவான க்வெரிகளைப் பதியும் ஸ்லோ க்வெரி லாக் காலியாக இருந்தது. எந்த புராசஸ் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் ஹெச்டாப்பைத் திறந்தால், கோருக்கு ஒன்றாக நான்கு பட்டைகளில் மூன்று நிரம்பி நிற்கின்றன. மூன்றும் ஜியூனிகார்ன் வொர்க்கர்கள், ஒவ்வொன்றும் 100%. மிச்சமிருந்த ஒரே வொர்க்கர்தான் அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் பண்ணினோம், உடனே சரியாகிவிட்டது. இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே மூன்று பட்டைகள்.

ரீஸ்டார்ட்டில் இருக்கிற நஷ்டம் இதுதான், தொல்லையோடு சேர்ந்து தடயமும் போய்விடுகிறது. அதனால் இரண்டாவது தடவை யாரையும் கில் பண்ண விடவில்லை. முதலில், புராசஸ் லினக்ஸிடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன், ஒரு வரி கூட நகரவில்லை. அப்படியென்றால் ஃபைல், நெட்வொர்க், டேட்டாபேஸ் எதையும் தொடாமல் புராசஸ் தனக்குள்ளேயே எதையோ கணக்குப் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஹெச்டாப்பில் தெரிந்த பிஐடியை (புராசஸ் எண்) கொடுத்து பை-ஸ்பை டம்ப். மெயின் த்ரெட், ஆக்டிவ், ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டைத்தான் பைதான் கோடு ஓட்ட விடும் ஜில் லாக் அதன் கையில். அதற்குக் கீழே முதல் வரி பைதானின் ரெஜெக்ஸ் (டெக்ஸ்ட் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் விதி) மாட்யூலில் உள்ள மேட்ச், அடுத்த வரி எங்கள் ஃபார்மில் குறிப்புப் பெட்டியைச் சரிபார்க்கும் ஃபங்ஷன், வரி எண்ணோடு. ஐந்து விநாடி விட்டு இன்னொரு டம்ப் எடுத்தேன், அதே இடம். மற்ற இரண்டு வொர்க்கர்களும் அதே வரியில். ஃபங்ஷனுக்குள் இருக்கும் மதிப்புகளையும் காட்டும் லோக்கல்ஸ் ஆப்ஷனையும் சேர்த்து எடுத்தபோது அந்த ஃபங்ஷனுக்குள் போன டெக்ஸ்ட்டே திரையில் வந்துவிட்டது: வரிசையாக 40 அடிக்கோடுகள், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. யாரோ வேர்டு ஃபைலில் கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டை அப்படியே காப்பி பண்ணி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ரெஜெக்ஸ் எதிர்பார்த்தது இது: ஒன்றோ பலவோ எழுத்துகள், இருந்தால் ஒரு இடைவெளி, இந்த ஜோடி எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், அதோடு வரி முடிய வேண்டும். ரெஜெக்ஸ் கணக்கில் அடிக்கோடும் எழுத்துதான், முற்றுப்புள்ளி எழுத்து இல்லை. ஆகவே கடைசியில் பொருந்தாமல் போகிறது, உடனே எஞ்சின் பின்வாங்கி 40 அடிக்கோடுகளையும் வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கிறது, 39ம் 1ம், 38ம் 2ம், 38ம் 1ம் 1ம் என்று. மொத்தம் 2-இன் அடுக்கு 39 விதம், சுமார் 55,000 கோடி. ஒரு அடிக்கோடு கூடினால் வேலை இரட்டிப்பு. இதே வரியில் 20 அடிக்கோடுகள் இருந்திருந்தால் ஐந்தே கால் லட்சம் விதங்களோடு முடிந்திருக்கும், யாருக்கும் தெரிந்தே இருக்காது.

ஒருவர் ஒட்டிய டெக்ஸ்ட்டுக்கு மூன்று வொர்க்கர் ஏன் விழுந்தன? முன்னால் நின்று வேண்டுகோள்களை வாங்கிக் கொடுக்கும் எஞ்சின்எக்ஸ் 60 விநாடி பொறுத்துவிட்டு, பதில் வரவில்லை என்று 504 காட்டிவிடும். பின்னால் சுற்றும் வொர்க்கருக்கு அது தெரியாது. ஒட்டியவர் மறுபடி சப்மிட் அழுத்துவார், அடுத்த வொர்க்கர் மாட்டும். ஜியூனிகார்னின் வழக்கமான டைம்அவுட் 30 விநாடி, அதை அப்படியே விட்டிருந்தால் மாட்டிய வொர்க்கரை அதுவே கொன்றிருக்கும். பெரிய ரிப்போர்ட்டுகள் பாதியில் அறுந்துபோகின்றன என்று நாங்கள்தான் 600 ஆக்கி வைத்திருந்தோம்.

இது சின்ன சர்வர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் விழுந்ததற்குக் காரணம் ஓரத்து இடைவெளிகளை வெட்டும் ஒரு ரெஜெக்ஸும், சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ச்சியாக இருந்த ஒரு பதிவும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் 27 நிமிடம் தடுமாறியதும் ஒரு ரெஜெக்ஸ் சிபியுவை முழுவதுமாகத் தின்றதால்தான்.

பை-ஸ்பையில் டம்ப் தவிர டாப், ரெக்கார்ட் என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. டாப் என்பது எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் தின்கிறது என்று நேரடியாக ஓடும் பட்டியல். ரெக்கார்ட் விநாடிக்கு 100 முறை எட்டிப் பார்த்து, நேரம் எங்கே போகிறது என்று காட்டும் ஃபிளேம் கிராஃப் படம் வரைந்து தரும். மொத்தமாகச் சிக்கிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகும் அப்ளிகேஷனுக்கு ரெக்கார்ட்தான் சரி.

குறைகளும் உண்டு. இன்னொரு புராசஸின் மெமரியைப் படிப்பதால் ரூட் அனுமதி பெரும்பாலும் வேண்டும். அப்ளிகேஷன் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் பிட்ரேஸ் அனுமதியை (இன்னொரு புராசஸை எட்டிப் பார்க்கும் உரிமை) கன்டெய்னர் தொடங்கும்போதே கொடுத்திருக்க வேண்டும், பிரச்சினை வந்தபின் கொடுக்கலாம் என்றால் கன்டெய்னரைத் திரும்பத் தொடங்கியாக வேண்டும், தடயம் போச்சு. பைதானின் உள் அமைப்பைத் தெரிந்துகொண்டு படிக்கிற கருவி இது, ஆகவே புதிய பைதான் பதிப்புக்கு மாறும் முன் அதற்கு ஆதரவு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் புராசஸைக் கண நேரம் நிறுத்துகிறது. அதுவும் கூடாது என்றால் நான்-பிளாக்கிங் ஆப்ஷன் இருக்கிறது. லோக்கல்ஸ் போட்டால் பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் போன் நம்பர் எல்லாம் திரையில் வரலாம், அந்த வெளியீட்டை குரூப் சாட்டில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரூபிக்காரர்களுக்கு ஆர்பி-ஸ்பை இருக்கிறது, பை-ஸ்பைக்கே முன்மாதிரி அதுதான். ஜாவா என்றால் ஜேஸ்டாக்.

எங்கள் பக்கம் அந்த ரெஜெக்ஸையே எடுத்துவிட்டோம், குறிப்புப் பெட்டிக்கு நீளம் மட்டும் பார்த்தால் போதும். ரிப்போர்ட்டுகள் பின்னணியில் வேலைகளை ஓட்டும் செலரிக்குப் போய்விட்டன, டைம்அவுட் மறுபடி 30. டாக்கர் இமேஜில் பை-ஸ்பையும், கன்டெய்னர் தொடங்கும்போது அதற்கான அனுமதியும் இப்போது நிரந்தரம். இரவுப் பணிக்காரர்களுக்கான குறிப்பில் ரீஸ்டார்ட் இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது. முதல் வரி: ஐந்து விநாடி இடைவெளியில் இரண்டு டம்ப் எடுத்து ஃபைலில் சேமிக்கவும்.