வெளிநாட்டு வீடியோ டைரி: போனா, பாக்கெட் கேமராவா, ஆக்‌ஷன் கேமராவா?

மதுரையிலிருந்து மூன்று மாதம், ஆறு மாதம் என்று வெளிநாடு கிளம்புகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மாக்கள், வேலையை விட்டுவிட்டு ஐரோப்பா சுற்றக் கிளம்பும் பையன்கள் என்று பல ரகம். தினமும் கொஞ்சம் வீடியோ எடுத்து, நாலு வார்த்தை பேசி வைக்க வேண்டும் என்று எல்லோருக்குமே ஆசை. எதில் எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் தங்கும் பயணத்துக்குப் போன் போதும். ஊர் ஊராகச் சுற்றுவதென்றால் தனி கேமரா வேண்டும்.

தனி கேமரா கேட்பது படம் அழகாக வரும் என்பதற்காக இல்லை. பகல் வெளிச்சத்தில் நல்ல போன் எடுப்பதற்கும் கேமரா எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், அதை வாட்ஸப்பில் பார்க்கப்போகும் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்நிய ஊரில் மேப், டிக்கெட், ஹோட்டல் புக்கிங், மொழிபெயர்ப்பு, வங்கி ஓடிபி எல்லாமே அந்த ஒரே போனில்தான் இருக்கிறது. காலையிலிருந்து வீடியோ எடுத்து மத்தியானமே சார்ஜ் இறங்கிவிட்டால் டைரியும் போச்சு, வழியும் போச்சு. வெயில் வேறு. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்வது ஆப்பிளேதான். மாசி வீதியில் சித்திரைத் தேருக்காக வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவர்களுக்கு, திரை மங்கி, போன் கையைச் சுடுவது புதிதில்லை.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. சார்ஜர் பக்கத்திலேயே இருக்கும், வைஃபை இருக்கும். புதுசாக ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

சரி, தனி கேமரா என்று முடிவானால் போட்டி இரண்டு ரகத்துக்கு இடையில்தான். ஒன்று பாக்கெட் கேமரா, அதாவது டிஜேஐ கம்பெனியின் ஆஸ்மோ பாக்கெட் 3. 2023 அக்டோபரில் வந்தது, எடை 179 கிராம், உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு இஞ்ச் சென்சார். லென்ஸ் இருக்கும் தலையை மோட்டார் பிடித்துக்கொள்வதால் நடந்தாலும் படம் பெரிதாக ஆடாது. இன்னொன்று கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா. தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம்வரை தண்ணீரில் இறக்கலாம், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும்.

கடைக்காரத் தம்பி "அண்ணே, இது 5.3கே எடுக்கும்ணே" என்று ஆக்‌ஷன் கேமராவைத்தான் நீட்டுவார். 5.3கே என்பது படத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்குதான், அதில் மயங்க வேண்டாம். முடிந்தால் இரண்டையும் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். ஆக்‌ஷன் கேமராவில் இருட்டான மூலையெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு பல்பும் நம் காலடிக்குக் காலடி துடிக்கும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகிறது, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் திறந்திருக்கிறது, அசைவு அந்தந்த ஃபிரேமிலேயே தீற்றலாகப் பதிந்துவிடுகிறது. ஆட்டத்தைச் சரிசெய்யும் கேமராவின் மென்பொருள் பிறகு ஃபிரேமை நேராக்கலாம், தீற்றலை அழிக்க முடியாது. பாக்கெட் கேமரா லென்ஸையே அசையாமல் பிடிப்பதால் மல்லிகைக் குவியலும் தராசும் நின்று தெரியும். பயண டைரியில் பாதி இரவுத் தெருவும் ரயில் பெட்டியும் ஹோட்டல் அறையும்தான் என்பதால், எனக்கு இதுவே தீர்ப்பு. கடல், பனி, அடைமழை, பைக் என்று போகிறவர்கள் மட்டும் ஆக்‌ஷன் கேமரா பக்கம் போகலாம். பாக்கெட் கேமராவுக்குத் தண்ணீர் ஆகாது. மணலும் ஆகாது.

குரல் விஷயத்திலும் பாக்கெட்டுக்கே சாதகம். டிஜேஐ மைக் 2 என்ற வயர்லெஸ் மைக்கை ரிசீவர் இல்லாமல் நேராகவே இணைத்துக்கொள்ளும். கோப்ரோவிலும் ஹீரோ 12 முதல் புளூடூத் மைக் வேலை செய்யும். எதுவானாலும் மைக்குக்கு அந்தப் பஞ்சுத் தொப்பியைப் போடாமல் காற்றில் பேசினால் ஒரு வார்த்தை கேட்காது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் ஹாரன் நடுவே பேசிப் பாருங்கள், அங்கே புரிந்தால் எங்கேயும் புரியும்.

ஒரு செட்டிங் மட்டும் இரண்டு கேமராவுக்கும் பொது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. மாற்றாமல் எடுத்தால் சில விளக்குகளின் கீழே படத்தில் கோடு ஓடும். ஆண்டி ஃபிளிக்கர் என்று மெனுவில் இருப்பது இதற்குத்தான்.

படமெடுக்கத் தடை உள்ள இடங்களில் மூன்றுமே சமம். மீனாட்சி கோயிலில் போனை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிப் பழகிய நமக்கு, வத்திக்கானின் சிஸ்டைன் சேப்பலில் கேமராவைத் தூக்கக் கூடாது என்றால் கோபம் வராது. வெளியே வந்து, பார்த்ததைச் சொன்னால் அதுவும் டைரிதான்.

சேமிப்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். தினமும் 20 நிமிடம் எடுத்தால் மூன்று மாதத்துக்கு 300 ஜிபியைத் தாண்டும். கேமரா இதைவிட நிறையவே தின்னும். அதனால் குறைந்தது 1 டிபி எஸ்எஸ்டி (கையடக்கச் சேமிப்பு டிரைவ்) ஒன்று கட்டாயம், மெமரி கார்டும் எஸ்எஸ்டியும் வேறு வேறு பையில். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர், 100 வரை பொதுவாக அனுமதி உண்டு.

அப்புறம், பாக்கெட் 3 வாங்கினால், போன் ஆப் வழியாகக் கேமராவைப் பதிவு செய்யும் ஆக்டிவேஷனை ஊரிலேயே முடித்துவிடுங்கள். விலை உயர்ந்த கேமரா என்றால், கிளம்பும்போது கஸ்டம்ஸில் சீரியல் எண்ணைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், அந்தத் தாளை நீட்டினால் போதும்.