அரிக்கமேட்டு மணிகள் கண்காட்சி: கேமராவோடு போகிறவர்களுக்கு

புதுச்சேரிக்கு அருகேயுள்ள பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டின் பாசிமணிகளுக்காகப் புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய வீட்டில் நடக்கும் இந்தக் கண்காட்சியில், மணிகளைவிட அவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கும் விதம்தான் அசத்தல். யாரும் அதைப் படமெடுப்பதாகத் தெரியவில்லை. அக்ரிலிக் தாங்கிகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கியிருக்கிறார்கள். அதனால் விளிம்பு பளிச்சிட்டுக் கண்ணை இழுப்பதில்லை. சூதுபவள மணிகளுக்குப் பின்னால் குட்டி விளக்கு. கல்லின் சிவப்பு உள்ளிருந்தே எரிகிறது. இங்கே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைக்காவிட்டால் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிடும்.

எல்.இ.டி. விளக்குகளில் சில மலிவானவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிக்கொள்ளுங்கள். காட்சிப் பெட்டிக் கண்ணாடியின் பிரதிபலிப்பைத் தவிர்க்க, லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாலே போதும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் நேராக நின்று பயனில்லை, பக்கவாட்டில் சாய்வாக நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், கண்ணாடியில் நீங்கள்தான் தெரிவீர்கள்.

குறை ஒன்று: குறிப்பட்டைகள் பார்வையாளரின் நிழலிலேயே விழுகின்றன. விளக்கை இன்னும் செங்குத்தாக்கியிருக்கலாம். ஜன்னல்கள் கிழக்கே பார்ப்பதால் காலையில் நீலம் கூடிய பகல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிறச் சமன்) எதற்கும் அடங்காது. மாலை மூன்று மணிக்கு மேல் போங்கள்.