பொருளாதாரத்தில் யார் பெரிய ஆளு? மூன்று பட்டியல், மூன்று பதில்

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பொருளாதாரம் முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடும் பிள்ளைகள் கையில் இப்போதெல்லாம் ஒரு எண்ணோடுதான் வருகிறார்கள். "அண்ணா, இவருக்கு எச்-இண்டெக்ஸ் நாற்பது, அவருக்கு இருபத்திரண்டு. அப்ப இவருதானே பெரிய ஆளு?" எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹார்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டுவதுதான் மேற்கோள். குறைந்தது 20 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 20 இருந்தால் இண்டெக்ஸ் 20. வருஷத்துக்குப் பல கட்டுரைகள் வெளிவரும் துறைக்கு இது சரி. பொருளாதாரத்தில் ஒரே கட்டுரையை ஐந்தாறு வருஷம் இழைப்பவர்கள் உண்டு. ரொனால்ட் கோஸைப் பாருங்கள். அவர் பெயர் நிற்பதே 1937இல் ஒன்று, 1960இல் ஒன்று என இரண்டு கட்டுரைகளின் மேல்தான். 1991இல் நோபல் வந்தது. அந்த இரண்டுக்கும் எத்தனை ஆயிரம் மேற்கோள் குவிந்தாலும் இந்தக் கணக்கில் கிடைப்பது இரண்டே புள்ளி. காசிமேட்டில் வஞ்சிரத்தையும் நெத்திலியையும் தலை எண்ணி விலை போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

முதல் பட்டியல் கூகுள் ஸ்காலர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுளின் தளம். பிள்ளைகள் இந்த எண்ணை எடுப்பது பெரும்பாலும் அதில்தான். அதன் வலை பெரியது. புத்தகம், அறிக்கை, ஆய்வேடு, ஜர்னலில் வராத வொர்க்கிங் பேப்பர் எல்லாம் சிக்கும். பொருளாதாரத்துக்கு இது முக்கியம்; ஜர்னலில் அச்சாவதற்குப் பல வருஷம் முன்பே கட்டுரை கைமாறிப் படிக்கப்படும் துறை இது. ஆனால் பக்கத்தைப் பராமரிப்பது அந்த ஆய்வாளரேதான். அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரை உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாலும், அவராக நீக்கினால்தான் போகும்.

அடுத்தது ஸ்டான்ஃபோர்டின் 'முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியல். நம் ஊர்க் கல்லூரிகள் பேனர் அடிப்பது இதற்குத்தான். அங்குள்ள ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்துத் தயாரிப்பது. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்துவிட்டும் ஒரு கணக்கு தருகிறது. அது நல்ல விஷயம். கோளாறு வேறு இடத்தில். அதன் மதிப்பெண்ணில் ஆறு அளவுகோல்கள், அவற்றில் மூன்று ஆசிரியர் வரிசையைப் பார்ப்பவை: தனியாக எழுதியதா, முதல் பெயரா, கடைசிப் பெயரா. ஆய்வகத் துறைகளில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் குழுத் தலைவர் என்ற வழக்கம் உண்டு. பொருளாதாரத்திலோ பெரும்பாலும் அகரவரிசைதான். அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2001இல் சேர்ந்து எழுதிய காலனியாதிக்கக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நோபல் மூவருக்கும் பொது. ஆனால் நடுவில் நிற்கும் ஜான்சனுக்கு அந்த மூன்று அளவுகோலிலும் இந்தக் கட்டுரைக்காக ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவின் உயர்ந்த பொருளாதாரத் துறைகளில் அகரவரிசையில் முந்தும் குடும்பப்பெயர்க்காரர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2006இல் ஐனாவ், யாரிவ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் காட்டினார்கள். நமக்கு அது அப்பா பெயர் அருணாசலமா வேலாயுதமா என்பதில் போய் நிற்கும்!

மூன்றாவது ரீபெக். 1997இல் தொடங்கி, தன்னார்வலர்கள் நடத்தும் பொருளாதாரத்துக்கான தளம். வொர்க்கிங் பேப்பரையும் சேர்க்கும். ஒரே எண்ணை நம்பாமல் பல தரவரிசைகளைக் கலக்கும். ஜர்னலின் தரம், மேற்கோளைக் கூட்டாசிரியர் எண்ணிக்கையால் வகுத்தது, எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதுவரை. ஒருவருடைய மிக நல்ல இடத்தையும் மிக மோசமான இடத்தையும் தள்ளிவிட்டுத்தான் கணக்கிடும். ஆந்திரே ஷ்லைஃபர், அசெமோக்லு, ஹெக்மன், ஸ்டிக்லிட்ஸ் என்று உச்சியில் அடிபடும் பெயர்கள் துறைக்காரர்கள் பேசிக்கொள்வதோடு ஒத்துப்போகின்றன. பெரிய குறை, பதிவு செய்யாதவருக்கு அதில் இடமே இல்லை.

என் ஓட்டு ரீபெக்குக்கு. அதிலும் ஒட்டுமொத்தப் பட்டியல் வேண்டாம். கடைசிப் பத்து வருஷ வெளியீடுகளுக்கான தனிப் பட்டியலும், இந்தியாவுக்கான பட்டியலும் இருக்கின்றன. கைடு தேடுகிறவர்களுக்கு அவைதான் உதவும். ஸ்காலரில் மொத்த எண்ணை விட்டுவிட்டு, அவருடைய முதல் ஐந்து கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று திறந்து பாருங்கள். சொந்த மாணவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்களா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஸ்டான்ஃபோர்ட் பட்டியல் பேனருக்கு ஆகும்.

இந்த மூன்றிலும் தமிழில் எழுதிய ஆய்வு ஏறுவது அபூர்வம். வட சென்னைத் துறைமுகத் தொழிலாளர் பற்றி ஒருவர் தமிழில் நல்ல நூல் எழுதினாலும் எண் அசையாது.

முதல் கட்டுரை அனுப்பப் போகிறவர்களுக்கு ஒன்று. இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பெயரை விரித்து எழுதுவதா என்பதை அனுப்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கட்டுரையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்றால் ஸ்கோபஸ் உங்களை இரண்டு ஆளாக்கிவிடும், மேற்கோளும் இரண்டாகப் பிரியும். ஆர்கிட் என்பது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தரப்படும் தனி அடையாள எண், இலவசம். வாங்கி எல்லாவற்றிலும் போடுங்கள்.