இறுகிப்போன மலச்சிக்கல்: பெக் தூளா, லாக்டுலோஸா, எனிமாவா, விளக்கெண்ணெயா?

கணக்குக்கு ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். வயது 3, எடை 14 கிலோ. நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஆய் போகிறது. போகும்போது அலறல், பெரியவர்களுக்கு வருவது போல் தடித்த கட்டி, சில நேரம் அதன் மேல் ரத்தக் கீற்று. இடையில் ஜட்டியில் பழுப்புக் கறை. இந்த நிலையில் பாட்டி ஒன்று சொல்வார், மருந்துக் கடைக்காரர் ஒன்று சொல்வார், டாக்டர் வேறொன்று எழுதித் தருவார். மூன்றும் ஒரே வேலைக்கான மருந்துகள் என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

வேலை இரண்டு. உள்ளே அடைத்துக் கிடக்கும் கட்டியை வெளியேற்றுவது முதல் வேலை. அது மறுபடி சேராமல் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வது இரண்டாவது. முதல் வேலை முடியாமல் இரண்டாவதைத் தொடங்கினால் எந்த மருந்தும் தோற்கும்.

ஒருமுறை வலித்தால் குழந்தை அடுத்த முறை அடக்கிக்கொள்ளும். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் இறுகும், பெருக்கும், மலக்குடலை விரித்துவிடும். விரிந்த மலக்குடலுக்கு ‘வருகிறது’ என்ற உணர்வு மங்கிவிடும். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து, முகம் சிவக்க நிற்கும் குழந்தை முக்குகிறது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது அடக்கிக்கொண்டிருக்கிறது. ஜட்டியில் கறை படுவது சேட்டையோ சோம்பலோ அல்ல. அடைத்த கட்டியைச் சுற்றி இளகிய மலம் தானாகக் கசிகிறது, குழந்தைக்கே அது தெரியாது. அதைப் பேதி என்று நினைத்து மருந்தை நிறுத்துவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு.

மருந்துகளை ஒப்பிடும் முன், எந்தக் குழந்தையை நேராக டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவோம். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கிய குழந்தை, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால் பலவீனமுள்ள குழந்தை, முதுகின் அடியில் குழியோ மயிர்க்கொத்தோ உள்ள குழந்தை. இவர்களுக்குக் கீழே வரும் ஒப்பீடு பொருந்தாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை ஒரு வாரம் போகாமல் இருந்து பிறகு இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கலே இல்லை.

பெக் தூள்

முழுப்பெயர் பாலிஎத்திலீன் கிளைகால். குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை, கிருமிகளாலும் செரிக்கப்படுவதில்லை. தன்னோடு வரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் மலத்தில் சேர்க்கிறது, அவ்வளவுதான். ‘பழகிப்போய்விடும்’ என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. மருந்து பழகுவதால் அல்ல, விரிந்த குடல் சுருங்கக் காலம் பிடிப்பதால்தான் மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

2014-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் அடைப்பு நீக்க, கிலோவுக்கு தினமும் 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். நம் 14 கிலோ குழந்தைக்கு அது 14 முதல் 21 கிராம். அதன் பிறகு பராமரிப்புக்கு கிலோவுக்கு சுமார் 0.4 கிராமில் தொடக்கம், அதாவது 5 அல்லது 6 கிராம். மலம் எப்படி வருகிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பிரிட்டன் போகும் வழி வேறு. சிறுவர்களுக்கான சிறு பாக்கெட்டில், 1 முதல் 5 வயதுக்கு முதல் நாள் 2, அடுத்த இரண்டு நாள் 4, பிறகு இரண்டு நாள் 6, அதன் பின் 8 என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். ஆகவே டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பதற வேண்டாம். அடைப்பு நீக்கும் அளவை நீங்களாகவே முடிவு செய்யவும் வேண்டாம்.

கலக்கும் முறையில்தான் பாதி வெற்றி. ஒரு கிராமுக்கு 10 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், 21 கிராமுக்கு 210 மில்லியாவது. முதலில் முழுத் தூளையும் தண்ணீரில் தெளியும்வரை கரைத்துவிட்டு, அதன் பிறகு ஜூஸ் சேர்க்கலாம். குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கலக்கி ஒரே மடக்கில் கொடுத்தால் அந்தத் தண்ணீரை அது உடம்பிலிருந்துதான் குடலுக்குள் இழுக்கும், குழந்தை குமட்டும். மருந்தோடு போகும் தண்ணீர் தாகத்துக்கான தண்ணீரில் சேராது, அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். சமையலறை எடைத்தராசு இருந்தால் அதில் நிறுத்துவது நல்லது. உப்பு கலந்த பாக்கெட்டுகளில் மொத்த எடையும் பெக் அளவும் ஒன்றல்ல, அட்டையைப் படியுங்கள். கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) முன் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பெரிய பாக்கெட்டும் கடையில் இருக்கும். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

என்ன எதிர்பார்க்கலாம்? முதல் இரண்டு நாள் கசிவு கூடும், வயிறு வலிக்கும். பார்க்க மோசமாவது போலவே இருக்கும். கட்டிகள் வந்து தீர்ந்து, பழுப்புத் தண்ணீராக மட்டும் வரும்போதுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம். பள்ளி விடுமுறையில் தொடங்கி, வீட்டிலேயே டயப்பர் கட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால், வயிறு உப்பிக் கல்லானால், தண்ணீரே குடிக்க மறுத்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். முடிந்த மறுநாள் பூஜ்யத்துக்கு இறங்கக் கூடாது, பராமரிப்பு அளவுக்கு இறங்க வேண்டும்.

லாக்டுலோஸ்

குழந்தைகளுக்குப் பரவலாக எழுதிக்கொடுக்கப்படும் இனிப்புச் சிரப். சிறுகுடலில் செரிக்காத சர்க்கரை. பெருங்குடலில் கிருமிகள் இதைப் புளிக்கவைத்து அமிலமும் வாயுவும் ஆக்குகின்றன, அதோடு தண்ணீரும் இழுக்கப்படுகிறது. வயிறு உப்புவதும் காற்று பிரிவதும் அந்தப் புளிப்பால்தான். ஒரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டாக்டர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். பெக் கிடைக்காத ஊரிலும், அதன் ருசியே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் இது நல்ல இரண்டாம் தேர்வு. ஆனால் பெக்கையும் லாக்டுலோஸையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) அலசலில் பெக்தான் மேலாக வந்தது.

லாக்டுலோஸ் ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லும் இடத்தில் முதலில் அளவைப் பார்க்க வேண்டும். பெக்குக்குச் சொன்ன அதே 2014 வழிகாட்டுதலில் இதற்குத் தினமும் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். 15 மில்லியில் 10 கிராம் உள்ள சிரப்பில், 14 கிலோ குழந்தைக்குக் குறைந்த அளவே 21 மில்லி ஆகிறது. ‘ராத்திரி 5 மில்லி’ என்பது 3.3 கிராம்தான். அதுவும் அடைப்பு நீங்காத குடலில். பழியை மருந்தின் மேல் போடுவது நியாயமில்லை.

குடலைத் தூண்டும் மருந்துகள்

சென்னா, பிசகோடைல், சோடியம் பிகோசல்பேட். இவை குடல் தசையைச் சுருங்கவைக்கின்றன. பெக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் அடைப்பு நீங்காவிட்டால் கூடுதலாகச் சேர்க்க இவை நல்லவை. தனியாக முதல் மருந்தாக வேண்டாம். வெளியே வழி அடைந்திருக்கும்போது உள்ளேயிருந்து தள்ளினால் வலிதான் மிஞ்சும். நாட்டு மருந்துக் கடையில் நிலாவரை என்று விற்பதும் சென்னாவேதான். பொடியில் எத்தனை மில்லிகிராம் மருந்துச் சத்து என்று யாருக்கும் தெரியாது, அளவிட்ட சிரப்பில் தெரியும். சென்னா கொடுத்த ராத்திரி டயப்பரை நீண்ட நேரம் விட்டுவைத்தால் மலம் பட்ட தோல் தீக்காயம் போலக் கொப்புளிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கீழ்வழி: எனிமா, சப்போசிட்டரி, வெற்றிலைக் காம்பு

எனிமாவின் பலம் வேகம். 2009-இல் நெதர்லாந்தில் 90 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஆறு நாள் எனிமாவும் ஆறு நாள் உயர் அளவு பெக்கும் அடைப்பை நீக்குவதில் கிட்டத்தட்ட சமமாகவே நின்றன. கசிவு பெக் கொடுத்தவர்களிடம் அதிகம். அப்படியிருந்தும் வாய்வழியையே முதலில் வைக்கக் காரணம், பின்பக்கம் என்றாலே பயப்படும் குழந்தையின் பயத்தை எனிமா கூட்டிவிடலாம். பிடித்து அழுத்திச் செய்தால் அடக்கும் பழக்கமும் சேர்ந்தே வளரும். கட்டி வாசலில் நின்று குழந்தை துடிக்கும்போது டாக்டர் கையால் ஒருமுறை செய்வது வேறு, வாரா வாரம் வீட்டில் செய்வது வேறு.

பாஸ்பேட் எனிமா 2 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் ஏறிக் கால்சியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரிக்கையே விட்டது. பெரிய குழந்தைக்கும் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கூடாது. போட்டது வெளியே வராவிட்டால் இன்னொன்று போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிளிசரின் சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்து) வாசலில் உள்ள கட்டியை வழுக்கவைக்கும், மேலே நிற்பதைத் தொடாது. விளக்கெண்ணெய் தொட்ட வெற்றிலைக் காம்பும் அதே எல்லைக்குள்தான், அதோடு வெடிப்புள்ள ஆசனவாயை மறுபடி கீறும். சோப்புத் துண்டு அந்த மெல்லிய தோலை எரித்துப் புண்ணாக்கும். மூன்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் சப்போசிட்டரியை எடுங்கள்.

விளக்கெண்ணெய், வாய்வழியாக

அதில் உள்ள ரிசினோலிக் அமிலம் வலுவாகத் தூண்டும் பேதி மருந்து. எப்போது, எவ்வளவு தள்ளும் என்று சொல்ல முடியாது. அடைப்பின் மேல் கொடுத்தால் முறுக்கி வலிக்கும், வாந்தி வரும். இதைவிடப் பயம், மடியில் படுக்கவைத்து மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றும் முறை. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும், அது எளிதில் ஆறாது. மாதம் ஒருமுறை ‘வயிறு கழுவுவது’ மலச்சிக்கலுக்கு மருந்தே அல்ல.

சாப்பாடு எங்கே வருகிறது?

அடைப்பு நீங்கிய பிறகு. இது பலருக்குக் கசக்கும். இறுகிய கட்டியின் பின்னால் கீரையும் கொய்யாவும் சேர்த்தால் மலத்தின் அளவுதான் கூடும். இசப்கோல் தண்ணீர் போதாமல் போனால் உப்பி நிலைமையை மோசமாக்கும். நார்ச்சத்துக்கு நினைவில் வைக்க எளிய கணக்கு, வயதோடு 5 கூட்டினால் அத்தனை கிராம். 3 வயதுக்கு 8 கிராம், வழக்கமான பருப்பு, காய், பழத்திலேயே வந்துவிடும். பால்தான் கவனிக்க வேண்டியது. தினம் அரை லிட்டருக்கு மேல் போனால் சோற்றுக்கே பசி இருக்காது, புட்டிப் பாலை முதலில் குறையுங்கள். எல்லாம் செய்தும் அசையாத குழந்தைக்கு டாக்டர் மேற்பார்வையில் 2 முதல் 4 வாரம் பசும்பாலை முழுதாக நிறுத்திப் பார்ப்பதுண்டு. சிலருக்குப் பால் ஒவ்வாமையே காரணம்.

உட்காரும் பழக்கம்

இதற்குப் போட்டியாக எந்த மருந்தும் இல்லை. சாப்பிட்டதும் குடல் தானாக நகரும், அந்த அரை மணிக்குள் 5 நிமிடம் உட்காரவைக்க வேண்டும், காலையும் மாலையும். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் சிறுவர் வளையமும் காலடியில் ஸ்டூலும் வேண்டும், முட்டி இடுப்புக்கு மேலே வர வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. குத்துக்காலிடும் கழிப்பறை இதற்கு நல்ல அமைப்புதான், ஆனால் சிறிசுகள் அந்தக் குழியைப் பார்த்துப் பயப்படும், அவர்களுக்குக் குழந்தைகள் உட்காரும் சிறு கழிப்பு நாற்காலியை வைத்துவிடலாம். பலூன் ஊதச் சொன்னால் வயிற்றுத் தசை தானாக இயங்கும். ஸ்டிக்கர் பரிசு உட்கார்ந்ததற்கு, போனதற்கு அல்ல. கழிப்பறைப் பயிற்சியை இப்போதுதான் தொடங்கியிருந்தால் சில வாரம் தள்ளிப்போடுங்கள், டயப்பரில்தான் போவேன் என்றால் போகட்டும். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கேட்டதும் அனுப்பச் சொல்லி வகுப்பு மிஸ்ஸிடம் முன்கூட்டியே பேசிவைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி.

எங்கள் வரிசை

14 கிலோக் குழந்தைக்கு: டாக்டர் சொல்லும் அளவில் பெக் தூளால் அடைப்பை நீக்கி, மறுநாளே பராமரிப்பு அளவு. பெக் ஒத்துவராவிட்டால் உரிய அளவில் லாக்டுலோஸ். எனிமா அவசரத்துக்கு மட்டும். விளக்கெண்ணெய் வேண்டாம். பராமரிப்பு குறைந்தது 2 மாதம். அறிகுறி எதுவும் இல்லாமல் ஒரு மாதம் கடந்த பிறகே குறைக்கத் தொடங்கலாம், அதுவும் 6 கிராமிலிருந்து 5, பிறகு 4 என்று, ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு. காய்ச்சல், ஊர்ப் பயணம், பள்ளி திறக்கும் வாரம் ஆகியவற்றில் மறுபடி இறுகினால், கடைசியாகச் சரியாக இருந்த அளவுக்கு உடனே திரும்புங்கள். மூன்று நாள் போகாமல் வலியும் கசிவும் வந்துவிட்டால் பராமரிப்பு அளவு போதாது, அடைப்பு நீக்குவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.